சுவரில் தொங்கும் வழக்குகள்

களவுபோன உருவப்படங்களின் கதை தெரிந்தவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பத்தாண்டுக்கும் மேலாக நடந்த ஒரு வழக்கின் பெயர் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் வல்லியின் உருவப்படம்’. எதிர்த்தரப்பில் நின்றது மனிதர் இல்லை, நிறுவனமும் இல்லை. 32.7 செ.மீ. உயரமும் 39.8 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு மரப்பலகை. அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் ஓர் இளம்பெண், செம்பட்டை முடியும் பெரிய நீலக் கண்களுமாகத் தலையைச் சற்றே சாய்த்துப் பார்க்கிறாள். ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே 1912-ல் வரைந்தது. திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பொருளையே பிரதிவாதியாக நிறுத்த அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படித்தான் வல்லி கூண்டேறினாள்.

படத்தை நியூயார்க்குக்கு அனுப்பியவர்கள் திருடர்கள் அல்ல. வியன்னாவின் மிகப் பெரிய தனியார் கலைத் தொகுப்பு ஒன்றிலிருந்து, முறைப்படி கண்காட்சிக்காக வந்த படம் அது. தொகுப்பின் சொந்தக்காரர் ருடால்ஃப் லியோபோல்ட் கண் மருத்துவர். ஷீலேயை உலகம் பெரிதாகச் சீந்தாத 1950களிலேயே தேடித் தேடி அவர் படங்களை வாங்கியவர். இன்று ஷீலேக்கு இருக்கும் புகழில் லியோபோல்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை. ஆனால் நல்ல ரசிகராக இருப்பது வேறு, நல்ல உடைமையாளராக இருப்பது வேறு.

நம் ஊரில் காலி மனை வாங்கக்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தாய்ப் பத்திரம் கேட்கிறோம். இடையில் ஒரு கைமாற்றம் விடுபட்டிருந்தால் முன்பணம் கொடுக்கத் தயங்குகிறோம். பல கோடி பெறும் ஓவியங்களின் உலகத்தில் இந்தக் கேள்வி வழக்கமானது 1998-க்குப் பிறகுதான். வழக்கமாக்கியவற்றுள் முதன்மையானது வல்லியின் படம்.

யார் வீட்டுச் சுவர்?

வல்புர்கா நொய்ட்சில் என்பது அவளுடைய முழுப் பெயர். ஷீலேயின் காதலி, அவருக்கு நிற்கும் மாடல். 1915-ல் ஷீலே வசதியான குடும்பத்துப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டபோது வல்லி விலகினாள்; போர்க்காலச் செவிலியானாள். 1917 டிசம்பரில், 23 வயதில், டால்மேஷியாவில் செங்காய்ச்சலில் இறந்தாள். அடுத்த ஆண்டு அக்டோபர் இறுதியில் ஷீலேயின் மனைவியும், மூன்று நாள் கழித்து ஷீலேயும் ஸ்பானிஷ் காய்ச்சலுக்குப் பலியானார்கள். வரைந்தவரும் வரையப்பட்டவளும் போய்விட்டார்கள். படம் மட்டும் கைமாறத் தொடங்கியது.

1930களில் அது லேயா போன்டி என்ற யூதப் பெண்மணியிடம் இருந்தது. வியன்னாவில் வூர்த்லே என்ற ஓவியக் கூடத்தை நடத்தியவர் அவர். ஆனால் வல்லி அந்தக் கூடத்தின் சரக்கு அல்ல. லேயாவின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சொந்தப் படம். அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டின்மேல்தான் பின்னாளில் முழு வழக்கும் நின்றது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. யூதர்களின் கடைகள் ‘ஆரியமயம்’ ஆக்கப்பட்டன. லேயாவின் கூடம் ஃப்ரீட்ரிஷ் வெல்ட்ஸ் என்ற சால்ஸ்பர்க் வியாபாரியின் கைக்குப் போனது. அவர் நாஜிக் கட்சி உறுப்பினர். 1939-ல் லேயாவும் கணவரும் லண்டனுக்குத் தப்பிப்போகும் தறுவாயில் வெல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார். சுவரில் வல்லியைப் பார்த்தார், கேட்டார். இது கடைச் சரக்கு இல்லை, தரமாட்டேன் என்றார் லேயா. கணவர்தான் கொடுத்துவிடச் சொன்னார்: இந்த ஆள் நினைத்தால் நம் பயணத்தையே நிறுத்திவிடுவான். லேயா கொடுத்துவிட்டார். கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பார்க்கிறவருக்கு வருகையாளர் ஒருவர் படத்தோடு திரும்பிப் போனது போலத்தான் இருந்திருக்கும்.

வெல்ட்ஸின் கைக்குப் போன இன்னொரு தொகுப்பு ஹைன்ரிஷ் ரீகருடையது. இவர் பல் மருத்துவர். ஷீலேக்குப் பல் பார்த்துவிட்டுக் கட்டணத்துக்குப் பதிலாகப் படங்களை வாங்கிக்கொண்டவர். தெரேசியன்ஸ்டாட் முகாமில் 1942-ல் இறந்தார். போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் வெல்ட்ஸைப் பிடித்து, அவரிடம் இருந்த படங்களைக் கைப்பற்றி, ஆஸ்திரிய அரசின் நினைவுச்சின்னத் துறையிடம் ஒப்படைத்தார்கள். அங்கேதான் குளறுபடி. ரீகரின் படங்களோடு வல்லியும் சேர்ந்துபோனாள். ரீகரின் வாரிசுகள் 1950-ல் தொகுப்பை அரசு ஓவியக்கூடமான பெல்வெடெருக்கு விற்றார்கள், வல்லியும் விலைபோனாள். விற்றவர்களுக்கு அது சொந்தமில்லை. வாங்கியவர்கள் தோண்டிக் கேட்கவுமில்லை.

இதுவரை எழுத்தர் பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம். அடுத்து நடந்ததற்கு அந்தச் சாக்கு இல்லை.

1953-ல் லியோபோல்ட் லண்டன் போனார். ஷீலே படங்கள் கிடைக்குமா என்று லேயாவைத் தேடிப் போய்ப் பார்த்தார். என் வல்லி எங்கே இருக்கிறது தெரியுமா என்று லேயா அவரிடம் கேட்டார். பெல்வெடெரில் இருக்கிறது என்றார் லியோபோல்ட். அதைத் திரும்ப வாங்கித்தர உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார் அந்த அம்மாள். மறு ஆண்டே லியோபோல்ட் தன்னிடம் இருந்த ஷீலேயின் ஒரு சிறுவன் உருவப்படத்தைப் பெல்வெடெருக்குக் கொடுத்து, மாற்றாக வல்லியை வாங்கினார். லேயாவுக்காக அல்ல, தனக்காக. லேயா 1969-ல் இறக்கும்வரை வழக்கறிஞர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கடிதம் எழுதிப் பார்த்தார். பலன் இல்லை. நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்பதுதான் லியோபோல்டின் கடைசிவரை நிலைப்பாடு. இருக்கலாம். ஆனால் உடைமைக்காரியின் வாயாலேயே ‘இது என்னுடையது’ என்று கேட்டுவிட்டு வாங்குவதை நல்லெண்ணம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

1997 அக்டோபரில் லியோபோல்டின் ஷீலே படங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. டிசம்பர் 24 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இவற்றின் பின்கதையை வெளியிட்டது. காட்சி முடிந்து படங்கள் ஊர் திரும்பும் நேரத்தில், 1998 ஜனவரி 7 அன்று, மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கந்தா வல்லியையும் இன்னொரு ஷீலே படத்தையும் நகர்த்தக் கூடாது என்று ஆணை அனுப்பினார். அருங்காட்சியக உலகம் கொதித்தது: இப்படிச் செய்தால் இனி யார் எங்களுக்குப் படம் இரவல் தருவார்கள்? மாநில உயர்நிலை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் அந்த ஆணையைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே நாளில் கூட்டாட்சி அரசு களத்தில் இறங்கி வல்லியைப் பிடித்துவைத்துக்கொண்டது.

வழக்கு இழுத்தது. 2009-ல் நீதிபதி லொரெட்டா பிரெஸ்கா தீர்த்துச் சொன்னார்: படம் லேயா போன்டியின் சொந்தச் சொத்து, வெல்ட்ஸ் அதைப் பறித்தார், அது திருட்டுப் பொருளாகவே இருந்துவருகிறது. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது அது திருட்டுப் பொருள் என்று லியோபோல்டுக்குத் தெரியுமா? இந்த ஒரு கேள்வியை மட்டும் விசாரணைக்கு விட்டார். 2010 ஜூலை கடைசியில் விசாரணை தொடங்குவதாக இருந்தது. ஜூன் 29 அன்று லியோபோல்ட் இறந்துபோனார். ஜூலை 20 அன்று சமரசம்: லியோபோல்ட் அருங்காட்சியகம் லேயாவின் வாரிசுகளுக்கு 1 கோடியே 90 லட்சம் டாலர் தரவேண்டும், படம் வியன்னாவுக்குத் திரும்பலாம், ஆனால் எங்கே மாட்டினாலும் யாரிடமிருந்து எப்படிப் பறிக்கப்பட்டது என்ற விவரம் கூடவே இருக்கவேண்டும். பணத்தைவிட இந்த மூன்றாவது நிபந்தனையைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

வல்லி நியூயார்க்கில் சிறைப்பட்ட அதே 1998-ன் டிசம்பரில் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி, நாஜிகள் பறித்த கலைப்பொருள்களை அடையாளம் காண்பது பற்றிய கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டன. ஆஸ்திரியாவும் அந்த மாதமே திருப்பித் தரும் சட்டம் கொண்டுவந்தது. அது அரசு அருங்காட்சியகங்களுக்கு மட்டும். லியோபோல்டின் தொகுப்பு அறக்கட்டளையின் பெயரில் இருந்ததால் சட்டம் அதைத் தொடவில்லை. பெல்வெடெரிலேயே இருந்திருந்தால் வல்லி ஒருவேளை முன்னதாகவே வீடு திரும்பியிருப்பாள்.

திருப்பிப் போட்டுப் பார்ப்பவர்கள்

உடைமை வரலாறு தேடுகிறவர்கள் ஓவியத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, முதுகை. பழைய கண்காட்சிகளின் சீட்டுகள், வியாபாரிகளின் இருப்பு எண்கள், சுங்கத் துறை முத்திரைகள், ஏலக் கடையின் சுண்ணக்கட்டி எழுத்து எல்லாம் பின்பக்கம்தான் இருக்கும். பிரான்சில் நாஜிகள் கொள்ளையடித்தபோது குடும்பவாரியாகக் குறியீடு போட்டார்கள். ரோத்ஸ்சைல்ட் குடும்பத்துப் பொருளுக்கு ‘ஆர்’ எழுத்தும் வரிசை எண்ணும். கொள்ளைக்காரர்களின் ஒழுங்குதான் இன்றைய துப்பறிவாளர்களுக்கு மூலதனம். கித்தான் நைந்துவிட்டது என்று யாராவது பின்னால் புதுத்துணி ஒட்டிச் சட்டத்தையும் மாற்றிவிட்டால் இந்தத் தடயம் அத்தனையும் போயிற்று.

உருவப்படத்தில் கூடுதலாக ஒரு தொல்லை. நிலக்காட்சி என்றால் ஆறு, பாலம், கோபுரம் என்று அடையாளம் சொல்லலாம். படத்தில் இருப்பவள் யார் என்பது மறந்துபோனால் ‘ஒரு சீமாட்டியின் உருவப்படம்’, ‘அமர்ந்திருக்கும் இளம்பெண்’ என்று எழுதிவைப்பார்கள். ஐரோப்பிய ஏலப் பட்டியல்களில் இந்தத் தலைப்புகளுக்குக் கணக்கே இல்லை. பறிகொடுத்தவர் எழுதித்தரும் புகாரிலும் அதே நாலு வார்த்தைதான் இருக்கும். எந்தச் சீமாட்டி? எந்த இளம்பெண்?

மியூனிக்கில் ஒரு படத்துக்கு விடை சொன்னது ஓர் ஓட்டை.

2010 செப்டம்பரில் சூரிச்சிலிருந்து மியூனிக் போகும் ரயிலில் சுங்க அதிகாரிகள் ஒரு முதியவரைச் சோதித்தார்கள். அவரிடம் 9,000 யூரோ ரொக்கம் இருந்தது. சட்டப்படி குற்றமில்லை, ஆனால் சந்தேகம் பிறந்தது. 2012 பிப்ரவரியில் அவருடைய அடுக்ககத்தைச் சோதனையிட்டபோது 1,200-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் சித்திரங்களும் அச்சுப்படங்களும் கிடைத்தன. அவர் கொர்னேலியஸ் குர்லிட். ஹிட்லர் ஆட்சியில் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தப்பட்ட படங்களை விற்க அனுமதி பெற்றிருந்த நான்கு வியாபாரிகளில் ஒருவரான ஹில்டெப்ராண்ட் குர்லிட்டின் மகன். அப்பா 1956-ல் கார் விபத்தில் இறந்தார். 1960களில் அதிகாரிகள் படங்களைப் பற்றிக் கேட்டபோது, எல்லாம் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன என்று அம்மா பதில் எழுதினார். எரியாதவை மகனோடு மியூனிக்கில் குடியிருந்தன. செய்தி 2013 நவம்பரில் ஒரு ஜெர்மன் வார இதழில் வெளிவந்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. குர்லிட் 2014 மே மாதம் இறந்தார். தொகுப்பை சுவிட்சர்லாந்தின் பெர்ன் கலை அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார்.

அந்தத் தொகுப்பில் தோமா குத்யூர் வரைந்த அமர்ந்திருக்கும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியம். பெயர் இல்லை, சொந்தக்காரர் குறிப்பும் இல்லை. போருக்குப் பின் பிரான்சில் பதிவான பழைய புகார் ஒன்றில் ஆய்வாளர்கள் இப்படியொரு படத்தைக் கண்டார்கள். புகார் கொடுத்தவர் நடிகை பெயாத்ரீஸ் பிரெத்தி. அவருடைய துணைவர் ஜார்ஜ் மாந்தெல் பிரான்சின் அமைச்சராக இருந்தவர், யூதர். ஜெர்மனியிடம் சரணடையக் கூடாது என்று வாதாடியவர். 1944 ஜூலையில், ஜெர்மானியர்களுக்கு ஒத்துழைத்த பிரெஞ்சுத் துணைப்படையினரால் கொல்லப்பட்டார். அவருடைய பாரிஸ் வீடு சூறையாடப்பட்டது. பறிபோன படத்தைப் பற்றிச் சொல்லும்போது, பெண்ணின் மார்பளவில் கித்தானில் அடைக்கப்பட்ட ஒரு சிறு ஓட்டை உண்டு என்று பிரெத்தி சொல்லியிருந்தார். பார்த்தார்கள். இருந்தது. 2019 ஜனவரியில் பெர்லினில் மாந்தெலின் குடும்பத்தாரிடம் படம் ஒப்படைக்கப்பட்டது.

குர்லிட் தொகுப்பில் கொள்ளைப் பொருள் என்று ஐயமற நிறுவித் திருப்பித் தரப்பட்டவை வெறும் 14. கண்டுபிடித்தபோது எழுந்த கூச்சலுக்கு இந்த எண்ணிக்கை சப்பென்று தோன்றும். மற்றவை எல்லாம் நேர்வழியில் வந்தவை என்று இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் மார்பளவில் ஓட்டை இருப்பதில்லை. அதை நினைவில் வைத்துச் சொல்ல ஒரு பிரெத்தியும் இருப்பதில்லை.

வீட்டு விளம்பரம் காட்டிக்கொடுத்த கதையும் ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாம் ஓவிய வியாபாரி ஜாக் கௌட்ஸ்டிக்கர் 1940 மே மாதம் ஜெர்மன் படையிடமிருந்து தப்பிக் கப்பலேறினார். இருட்டில் கப்பல் தளத்தின் திறப்பு வழியே விழுந்து இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் படங்களை வரிசையாகக் குறித்துவைத்திருந்த ஒரு சிறு கறுப்பு நோட்டு அவரிடம் இருந்தது. படங்களில் பெரும்பகுதியை நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் தன்வசமாக்கினார். அந்த நோட்டைத் துணைகொண்டு, 2006-ல் நெதர்லாந்து அரசு 202 படங்களை வாரிசுக்குத் திருப்பித் தந்தது. அகப்படாதவற்றில் ஒன்று இத்தாலிய ஓவியர் ஜுசெப்பே கிஸ்லாந்தி வரைந்ததாகச் சொல்லப்பட்ட கொல்லியோனிச் சீமாட்டியின் உருவப்படம். 2025 ஆகஸ்டில் ஒரு டச்சு நாளிதழின் செய்தியாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். எங்கே? அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா கடற்கரை நகரில், விற்பனைக்கு வந்த வீடொன்றின் இணைய விளம்பரத்தில், சோபாவுக்கு மேலே. கோரிங்கின் நிதி ஆலோசகராக இருந்து தென்னமெரிக்காவுக்கு ஓடிப்போன ஃப்ரீட்ரிஷ் காட்கியனின் குடும்ப வீடு அது. போலீசார் போனபோது அந்த இடத்தில் ஒரு தொங்குதிரை இருந்தது. சில நாள்களில் படம் அதிகாரிகள் கைக்கு வந்தது. எண்பது ஆண்டு ஒளிந்திருந்த படத்தை வெளியே கொண்டுவந்தது, நல்ல விலைக்கு வீட்டை விற்கும் ஆசை!

சரபோஜியும் மகனும்

கடல் கடந்த கதைகளாகவே இருக்கின்றனவே என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூருக்கும் இப்படி ஓர் உருவப்படக் கதை உண்டு.

இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை தஞ்சையின் மராட்டிய மன்னர். பட்டமேறிய மறு ஆண்டே ஆட்சியைக் கும்பெனியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டையோடு நின்றவர். மிச்ச வாழ்நாளைச் சுவடி, நூல், படம், மருத்துவம் என்று சேகரிப்பதில் செலவிட்டார். சரசுவதி மகால் நூலகம் இன்றைய உருவில் நமக்குக் கிடைத்ததற்கு அவரே காரணம். 1820களில் அவரையும் மகன் சிவாஜியையும் ஒன்றாக வரைந்த ஓவியம் ஒன்று சரசுவதி மகால் அருங்காட்சியகத்தில் இருந்தது. அந்த மகன்தான் பின்னாளில் தஞ்சையின் கடைசி மன்னர். 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கும்பெனி அரசைக் கையகப்படுத்திக்கொண்டது.

அந்த ஓவியத்தை 2006-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சேலம் நகரில் உள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 35,000 டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசிய ஓவியக்கூடத்துக்கு விற்ற அதே கபூர். 2011-ல் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டு, 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தால் பத்தாண்டு தண்டனை பெற்றவர்.

கபூரின் சரக்கு எதுவும் வெறுங்கையோடு விற்பனைக்கு வந்ததில்லை. பழைய தேதியிட்ட உரிமைக் கடிதம் கூடவே வரும். வல்லியின் வழக்கில் உண்மை வரலாற்றை மறைத்தார்கள். இங்கே இல்லாத வரலாற்றை உண்டாக்கிக் கொடுத்தார்கள். கபூர் பிடிபட்ட பிறகு அவரிடம் வாங்கிய அமெரிக்க அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கோப்புகளைப் புரட்டின. பீபாடி எசெக்ஸ் 2015-ல் சரபோஜி ஓவியத்தை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைத்துவிட்டது. தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022 ஜூலையில் இது சரசுவதி மகாலிலிருந்து களவுபோனதுதான் என்று அறிவித்து, யுனெஸ்கோ ஒப்பந்தத்தின்படி மீட்கப்போவதாகச் சொன்னது. வாங்கி 16 ஆண்டு, வாங்கியவர்களே விட்டுக்கொடுத்து ஏழு ஆண்டு கழித்து.

லேயா போன்டிக்குத் தன் படம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதாவது தெரிந்திருந்தது. ஓர் அரசரின் உருவப்படம் அவருடைய அரண்மனை வளாகத்திலேயே காணாமல் போய், அதைக் கேட்க இத்தனை ஆண்டு பிடித்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கோயில் செப்புத் திருமேனிகளுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது: புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய் எடுத்த நிழற்படங்கள். திருடுபோன எத்தனையோ சிலைகளை அயல்நாட்டில் அடையாளம் காட்டியவை அவைதான். அரண்மனை ஓவியங்களுக்கும், ஜமீன் வீடுகளிலும் செட்டிநாட்டு வளவுகளிலும் தொங்கிய உருவப்படங்களுக்கும் அப்படி யாரும் போய் விரிவாகப் படம் எடுக்கவில்லை. பாகப் பிரிவினையில் சுவரிலிருந்து இறங்கிய தாத்தாக்களும் பாட்டிகளும் சட்டத்தோடு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கிறார்கள். வாங்க வருபவர் எத்தனை வருஷப் படம், தேக்குச் சட்டமா, விலை என்ன என்று கேட்பார். யார் வீட்டுப் படம் என்று கேட்டால், பழைய வீட்டுச் சாமான் என்பதற்கு மேல் பதில் வருவது அபூர்வம்.